ஓட்டமா, எடைப் பயிற்சியா: ஹார்மோன்களும் உடலமைப்பும்

கேள்வி: காலை ஓட்டக்காரன்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 43. பல ஆண்டுகளாகக் காலையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் சீரான வேகத்தில் ஓடி வருகிறேன். மூச்சுத் திறன் நன்றாக இருக்கிறது, ஓய்வுநிலை நாடித்துடிப்பும் குறைந்திருக்கிறது. ஆனால் வயிற்றைச் சுற்றியுள்ள கொழுப்பு மட்டும் குறைய மறுக்கிறது. தோளும் கையும் முன்பைவிட மெலிந்துவிட்டன. இதைச் சரிசெய்யலாம் என்று அண்மையில் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். அங்கிருந்த பயிற்சியாளர் தந்த விளக்கம் தெளிவைத் தருவதற்குப் பதிலாகக் குழப்பத்தைக் கூட்டிவிட்டது.

நீண்ட நேரம் ஓடினால் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் ஏறும் என்றும், அது தசையைச் சிதைத்து வயிற்றில் கொழுப்பைச் சேர்க்கும் என்றும், ஆகவே ஓட்டத்தை உடனே நிறுத்திவிட வேண்டும் என்றும் அவர் கூறினார். அதற்கு மாறாக, ஸ்குவாட், டெட்லிஃப்ட் போன்ற பெரிய தசைகளுக்கான பயிற்சிகளைச் செய்தால் ஆண்மை ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனும் வளர்ச்சி ஹார்மோனும் பெருகி, கை உட்பட உடல் முழுவதும் தசை வளரும் என்கிறார். அதே ஜிம்மில் இருக்கும் இன்னொருவரோ, சிறு இடைவெளிகள் விட்டு மிகக் கடுமையாகச் செய்யும் ஹிட் பயிற்சியை இருபது நிமிடம் செய்தால் அடுத்த 24 மணி நேரமும் கொழுப்பு எரிந்துகொண்டே இருக்கும், மற்றவை வீண் என்கிறார்.

என் கேள்வி இதுதான். பயிற்சியின் வகையைப் பொறுத்து ஹார்மோன்கள் மாறுவது உண்மையா? உண்மையென்றால், அந்த மாற்றம்தான் தசையையும் கொழுப்பையும் தீர்மானிக்கிறதா? ஹார்மோனைக் கருதி ஒரு பயிற்சியைத் தேர்ந்தெடுப்பதில் பொருள் உண்டா? பொதுவான அறிவுரையைவிட, காரணத்தோடு கூடிய விளக்கத்தை எதிர்பார்க்கிறேன்.

பதில் 1: உடலியங்கியல் ஆசிரியர்

நண்பருக்கு வணக்கம். உங்கள் பயிற்சியாளர் சொன்னவற்றில் முதல் பாதி சரி, அதிலிருந்து அவர் எடுத்த முடிவு தவறு. பயிற்சியின்போது ஹார்மோன்கள் ஏறுகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஏற்றம் எதற்காக நிகழ்கிறது என்பதைக் கவனிக்காமல், ஏறியது தசை வளர்க்கும் ஹார்மோன் என்றால் தசை வளரும், சிதைக்கும் ஹார்மோன் என்றால் தசை சிதையும் என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள்.

முதலில் டெஸ்டோஸ்டிரோன். கனமான எடைப் பயிற்சிக்குப் பின் ஆண்களின் இரத்தத்தில் அதன் அளவு சற்று உயர்ந்து, ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. அந்த உயர்விலும் ஒரு பகுதி தோற்றமே; கடும் உழைப்பின்போது இரத்தத்தின் நீர்ப்பகுதி நாளங்களை விட்டு வெளியேறுவதால், ஹார்மோன் புதிதாகச் சுரக்காவிட்டாலும் அதன் செறிவு கூடியதாகக் காட்டும். இந்தக் குறுகிய ஏற்றம் தசையை வளர்க்கிறதா என்பதைக் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மிக நேர்த்தியாகச் சோதித்தார்கள். 2010இல் வெளியான அந்த ஆய்வில் 12 இளைஞர்கள் ஒரு கைக்கு மட்டும் தனியாகப் பயிற்சி செய்தார்கள். மற்றொரு கைக்கு வேறொரு நாளில் அதே பயிற்சியைச் செய்து, உடனே கடுமையான கால் பயிற்சியையும் செய்தார்கள். இரண்டாவது கை ஒவ்வொரு முறையும் ஹார்மோன் வெள்ளத்தில் நனைந்தது, முதல் கைக்கு அது கிட்டவில்லை. 15 வாரங்களுக்குப் பிறகு அளந்தபோது இரு கைகளின் தசைப் பருமனிலும் வலிமையிலும் வேறுபாடு இல்லை. கால் பயிற்சி செய்தால் கையும் வளரும் என்ற கூற்றுக்கு இதைவிட நேரடியான மறுப்பு தேவையில்லை என்பது என் கருத்து.

அப்படியானால் தசை எதனால் வளர்கிறது? இழுவிசையால். சுமையைத் தாங்கிச் சுருங்கும் தசையிழை அந்த விசையைத் தானே உணர்ந்து, தனக்குள்ளேயே புரத உற்பத்தியை முடுக்கிவிடுகிறது. உழைத்த தசை மட்டும் வளர்வதும், உழைக்காத தசை அப்படியே இருப்பதும் இதனால்தான். முழு உடலுக்கும் சுற்றிவரும் ஹார்மோன்தான் காரணம் என்றால், டென்னிஸ் வீரரின் ஒரு கை மட்டும் பருத்திருக்க வழியில்லை.

வளர்ச்சி ஹார்மோனின் கதை இன்னும் வேடிக்கையானது. பெயரைக் கேட்டதும் தசையை வளர்ப்பது என்று எண்ணத் தோன்றுகிறது. வளர்ந்த மனிதரிடம் பயிற்சி நேரத்தில் அதன் முதன்மையான வேலை, கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலங்களை விடுவித்து எரிபொருளாகத் தருவதுதான். இணைப்புத் திசுவிலுள்ள கொலாஜன் உருவாக்கத்துக்கும் உதவுகிறது. எடைப் பயிற்சி செய்யும் இளைஞர்களுக்கு இந்த ஹார்மோனை ஊசியாகவே செலுத்திப் பார்த்த ஆய்வு 1992இல் வெளியானது. தசைப் புரத உற்பத்தியிலோ வலிமையிலோ கூடுதல் பயன் எதுவும் கிட்டவில்லை. ஊசியே செய்யாததை ஸ்குவாட்டுக்குப் பின் சிறிது நேரமே நீடிக்கும் ஏற்றம் செய்யும் என்று நம்புவதற்கு இடமில்லை.

அடுத்து கார்ட்டிசால். இதை ஒரு வில்லனாகவே சித்திரித்துவிட்டார்கள். உடலின் உச்ச ஆக்சிஜன் திறனில் ஏறத்தாழ 60 சதவீதத்துக்கு மேல் உழைக்கும்போதோ, குறைந்த தீவிரத்திலேயே மிக நீண்ட நேரம் உழைக்கும்போதோ கார்ட்டிசால் ஏறுகிறது. இலேசான உழைப்பின்போது அது குறைவதும் உண்டு. கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் தயாரிக்கவும், கொழுப்பு எரிபொருளாக வெளிவரவும், அழற்சி எல்லை மீறாமல் இருக்கவும் அந்த ஏற்றம் தேவை. கனமான எடைப் பயிற்சியும் ஹிட் பயிற்சியும்கூடக் கார்ட்டிசாலை நன்றாகவே ஏற்றுகின்றன என்பதை உங்கள் பயிற்சியாளர் சொல்லாமல் விட்டது ஏன் என்று தெரியவில்லை. வயிற்றில் கொழுப்பு சேர்ந்து கைகால்கள் மெலிவது குஷிங் நோயில் நிகழ்கிறது. அங்கே கார்ட்டிசால் இரவு பகல் பாராமல் மாதக்கணக்கில் உயர்ந்தே இருக்கும். தினமும் காலை விழித்தெழும்போது இயல்பாகவே உச்சத்தைத் தொட்டு, நள்ளிரவில் அடிமட்டத்துக்கு இறங்கும் ஒரு ஹார்மோன், ஒரு மணி நேர ஓட்டத்தின்போது சற்று ஏறி இறங்குவதை அதனோடு ஒப்பிடக் கூடாது. நெடுந்தூர ஓட்டக்காரர்களின் தலைமுடியில் கார்ட்டிசால் அளவு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருப்பதை 2012இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதாவது நீண்டகால வெளிப்பாடு உண்மையிலேயே சற்று அதிகம். இருந்தும் அவர்களிடம் தொப்பையைக் காண்பது அரிது.

ஹிட் பயிற்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பயிற்சி முடிந்த பின்னும் உடல் சிறிது நேரம் கூடுதல் ஆக்சிஜனை நுகர்ந்து ஆற்றலை எரிப்பது உண்மைதான். ஆனால் அது பயிற்சியின்போது செலவான ஆற்றலில் பொதுவாக 6 முதல் 15 சதவீதம் மட்டுமே. 250 கலோரி செலவழிக்கும் இருபது நிமிடப் பயிற்சி பின்னர் கூடுதலாக எரிப்பது நாற்பது கலோரிக்குள் அடங்கிவிடும். 70 கிலோ எடையுள்ளவர் 8 கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 560 கலோரி செலவாகும். நேரம் குறைவாக உள்ளவருக்கு ஹிட் நல்ல வழி. மூச்சுத் திறனை விரைவாக உயர்த்தும். கொழுப்புக் குறைப்பில் அது சீரான ஓட்டத்தைவிடச் சிறந்தது என்பதைத் தொகுப்பாய்வுகள் உறுதிப்படுத்தவில்லை.

இனி உங்களுக்கு நேர்ந்ததைப் பார்ப்போம். டியூக் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று 2012இல் வெளியானது. கூடுதல் எடையுள்ள 119 பேர் ஓட்டம் போன்ற ஏரோபிக் பயிற்சி, எடைப் பயிற்சி, இரண்டும் சேர்ந்தது என மூன்று குழுக்களாக எட்டு மாதம் பயின்றார்கள். கொழுப்பைக் குறைத்தது ஏரோபிக் பயிற்சி. தசையைக் கூட்டியது எடைப் பயிற்சி. இரண்டையும் செய்தவர்களுக்கு இரண்டும் கிடைத்தன, ஆனால் அவர்கள் இரட்டிப்பு நேரம் உழைத்தார்கள். உங்கள் தோளும் கையும் மெலிந்ததற்குக் காரணம் கார்ட்டிசால் அல்ல. ஓட்டம் அந்தத் தசைகளுக்கு வேலையே தரவில்லை, வயதும் நாற்பதைக் கடந்துவிட்டது. ஆகவே ஓட்டத்தை நிறுத்த வேண்டாம். அதில் இரண்டு மூன்று நாளை எடைப் பயிற்சிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பதில் 2: இரும்புப்பட்டை

ஆசிரியர் அவர்களின் விளக்கம் தெளிவாக இருந்தாலும் என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. தசை வளர்ச்சிக்கு ஹார்மோன் முக்கியமில்லை என்றால், டெஸ்டோஸ்டிரோன் வகை ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்பவர்கள் மட்டும் ஏன் அவ்வளவு விரைவாகப் பருக்கிறார்கள்? போட்டி விளையாட்டுகளில் அவற்றைத் தடை செய்திருப்பது ஏன்? மேலும், மெக்மாஸ்டர் ஆய்வுக்கு நேர் எதிராக, முதலில் கால் பயிற்சி செய்துவிட்டுக் கைப் பயிற்சி செய்தவர்களுக்குப் பயன் கூடியதாக நார்வேயிலிருந்து 2011இல் ஓர் ஆய்வு வந்ததே, அதைக் குறிப்பிடாமல் விட்டது சரியா? ஓர் ஆய்வைக் கொண்டு மறுப்பு போதும் என்று முடித்துவிடுவது ஆசிரியர் ஒருவருக்கு அழகல்ல.

பதில் 3: உடலியங்கியல் ஆசிரியர்

கேள்வி நியாயமானது. ஹார்மோன் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. பயிற்சி தரும் குறுகிய ஏற்றம் முக்கியமில்லை என்றேன். இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து காட்டியது சலேந்தர் பாசின் குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வு. ஆண்களுக்கு வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் எனாந்தேட் ஊசியைப் பத்து வாரம் செலுத்தினார்கள். இது மருத்துவத்தில் குறைபாட்டுக்குத் தரும் அளவைப் போல் பல மடங்கு. பயிற்சியே செய்யாமல் ஊசி மட்டும் பெற்றவர்களின் கொழுப்பற்ற உடல் எடை ஏறத்தாழ 3 கிலோ கூடியது; ஊசியின்றிப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு ஏறத்தாழ 2 கிலோ; இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 6 கிலோ. ஆகவே ஹார்மோனுக்கு வலிமை உண்டு. ஆனால் அங்கே இரத்த அளவு இயல்பு எல்லைக்கு மிக மேலே சென்று, பத்து வாரமும் இரவு பகலாக அங்கேயே நின்றது. பயிற்சிக்குப் பின் இயல்பு எல்லைக்குள்ளேயே சற்று ஏறி, குளித்து முடிப்பதற்குள் இறங்கிவிடும் அளவோடு இதை ஒன்றாக்க முடியாது. மறுபுறம், டெஸ்டோஸ்டிரோன் நோயால் மிகவும் குறைந்துவிட்டால் தசையும் எலும்பும் தேய்வதும் உண்மை. இயல்பு எல்லையின் இரு முனைகளுக்கும் வெளியே ஹார்மோன் ஆட்சி செய்கிறது. எல்லைக்குள்ளே, ஒருவருக்கு எவ்வளவு தசை கூடும் என்பதை அன்றாட ஏற்ற இறக்கத்தைக் கொண்டு கணிக்க முடிவதில்லை.

நார்வே ஆய்வை நீங்கள் நினைவூட்டியது நல்லது. அதில் பங்கேற்றவர்கள் மிகச் சிலர். பயன் கூடியதும் சில அளவீடுகளில் மட்டுமே. அதன் பிறகு மெக்மாஸ்டர் குழுவினரே 2016இல் ஏற்கெனவே பயிற்சியில் தேர்ந்த 49 ஆண்களைக் கொண்டு 12 வாரம் ஆராய்ந்தார்கள். ஒரு பாதியினர் இலேசான எடையை 20 முதல் 25 முறையும், மறுபாதியினர் கனமான எடையை 8 முதல் 12 முறையும், இனித் தூக்க முடியாது என்ற நிலை வரும்வரை தூக்கினார்கள். தசை வளர்ச்சி இரு குழுவிலும் ஏறத்தாழ ஒன்றே. பயிற்சிக்குப் பின் யாருக்கு ஹார்மோன் எவ்வளவு ஏறியது என்பதற்கும் யாருக்குத் தசை எவ்வளவு கூடியது என்பதற்கும் பொருட்படுத்தத்தக்க தொடர்பு தென்படவில்லை. நான் இந்தத் திசையில் சாய்வதற்கு இதுவே காரணம்.

இதே சிந்தனையின் தொடர்ச்சியாக இன்னொன்று. ஓட்டமும் எடைப் பயிற்சியும் ஒன்றையொன்று கெடுக்கும் என்ற அச்சம் ராபர்ட் ஹிக்சன் 1980இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வருகிறது. இரண்டையும் கடுமையாகச் செய்தவர்களின் வலிமை பத்து வாரப் பயிற்சியின் இறுதிக் கட்டத்தில் வளர்வதை நிறுத்திச் சரியத் தொடங்கியது. அவர்கள் ஓட்டத்தையும் சைக்கிளையும் வாரத்தில் ஆறு நாள் கடுந்தீவிரத்தில் செய்தார்கள், அதற்கு மேல் ஐந்து நாள் கால்களுக்கு எடைப் பயிற்சி. கேள்வி கேட்ட நண்பரைப் போன்றவர்கள் அந்த எல்லைக்கு அருகில்கூட வரப்போவதில்லை.

பதில் 4: நெடுந்தூரப் பயிற்றுநர்

இதுவரையான பதில்கள் அனைத்தும் ஆண்களின் உடலையே மனத்தில் கொண்டு எழுதப்பட்டிருக்கின்றன. நான் பெண் ஓட்ட வீராங்கனைகளுக்குப் பயிற்சி அளிப்பவள் என்பதால், ஹார்மோன் உண்மையிலேயே உடலமைப்பையும் உடல்நலத்தையும் புரட்டிப்போடும் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். அது பயிற்சியின் வகையால் வருவதன்று. பயிற்சிக்கு ஈடாக உண்ணாமையால் வருவது.

மாதவிடாய் நின்றுபோன ஓட்டக்காரப் பெண்களைப் பார்த்து, கடும் பயிற்சியின் அழுத்தமே காரணம் என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். ஆன் லவுக்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1998இல் அதைச் சோதித்தார். பயிற்சி செய்த பெண்களுக்கு, அதில் செலவான ஆற்றலை உணவாக ஈடுசெய்தபோது, கருமுட்டை வெளியேற்றத்தைத் தூண்டும் எல்.எச். ஹார்மோனின் துடிப்புகள் குலையவில்லை; பயிற்சியே செய்யாமல் உணவை மட்டும் குறைத்தபோது அவை குலைந்தன. 2003இல் வெளியான அடுத்த ஆய்வில், உணவிலிருந்து பயிற்சிச் செலவைக் கழித்தபின் எஞ்சும் ஆற்றல், கொழுப்பற்ற எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 கலோரிக்குக் கீழே சென்றதும், ஐந்தே நாளில் அந்தத் துடிப்பு குறைந்துவிடுவதைக் காட்டினார். 55 கிலோ எடையும் அதில் 44 கிலோ கொழுப்பற்ற எடையும் கொண்ட ஒரு பெண் 1,800 கலோரி உண்டு 600 கலோரிக்கு ஓடினால் அவளுக்கு எஞ்சுவது கிலோவுக்கு 27 கலோரி மட்டுமே. உணவுத் தட்டைப் பார்த்தால் அவள் பட்டினி கிடப்பதாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆற்றல் போதாத உடல் அவசரமில்லாத செலவுகளை நிறுத்துகிறது. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்னும் ஹார்மோன் குறைகிறது, தைராய்டு ஹார்மோனின் செயல்படும் வடிவமான டி3 குறைகிறது, ஈஸ்ட்ரோஜன் வீழ்கிறது, எலும்பு தேய்கிறது. பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014இல் இதை விளையாட்டில் ஒப்பீட்டு ஆற்றல் குறைபாடு என்று வரையறுத்து, ஆண்களுக்கும் இது நேரும் என்று சேர்த்துச் சொன்னது. ஆண்களிடம் மாதவிடாய் போன்ற வெளிப்படையான அறிகுறி இல்லாததால் காலையில் எழும் ஆணுறுப்பு விறைப்பு குறைவதும், பாலுணர்வு மங்குவதும், எலும்பில் அழுத்த முறிவு வருவதுமே தடயங்கள். நெடுந்தூரம் ஓடும் ஆண்கள் சிலரிடம் டெஸ்டோஸ்டிரோன் குறைந்தே இருப்பது ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால், எந்தப் பயிற்சியாளரின் சொல்லையும் கேட்டுக் காத்திருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். எடை குறைந்ததைப் பாராட்டிக்கொண்டே இதைக் கவனிக்காமல் விடுபவர்கள் என் துறையில் இன்னும் ஏராளம் என்பதைக் கசப்போடுதான் எழுதுகிறேன்.

பெண்கள் எடை தூக்கினால் ஆண்களைப் போல் ஆகிவிடுவார்கள் என்ற பேச்சுக்கும் ஒரு வரி. பெண்களின் டெஸ்டோஸ்டிரோன் ஆண்களின் அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எடைப் பயிற்சி அதை மாற்றுவதில்லை. ஆயினும் தொடங்கிய அளவோடு ஒப்பிட்டால் பெண்களின் தசை ஆண்களுக்கு இணையான விகிதத்திலேயே வளர்கிறது. முன்னர் ஆசிரியர் சொன்னதற்கு இது மேலும் ஒரு சான்று.

பி.சி.ஓ.எஸ். என்னும் சினைப்பை ஹார்மோன் கோளாறு உள்ள பெண்கள் கார்ட்டிசாலுக்கு அஞ்சிக் கடும் பயிற்சியைத் தவிர்க்க வேண்டும் என்று சொல்லப்படுகிறது. 2023ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டுதலில் அப்படி எந்தத் தடையும் இல்லை. ஒரு வகைப் பயிற்சி மற்றொன்றைவிட மேலானது என்பதற்குச் சான்றில்லை, விரும்பித் தொடரக்கூடியதைச் செய்யுங்கள் என்பதே அதன் சாரம்.

மாதவிடாய் நிற்கும் பருவம் வேறு வகை. அமெரிக்காவில் பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஸ்வான் ஆய்வின்படி, கடைசி மாதவிடாய்க்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் முன்பிருந்தே கொழுப்பு சேரும் வேகம் இரட்டிப்பாகிறது, தசை குறையத் தொடங்குகிறது. எடைபார்க்கும் கருவியோ பெரிய மாற்றம் எதையும் காட்டுவதில்லை. இங்கே ஈஸ்ட்ரோஜனைப் பயிற்சியால் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஆனால் ஹார்மோன் கைவிட்டதைச் சுமை ஓரளவு தாங்கிப்பிடிக்கிறது. ஆஸ்திரேலியாவில் நடந்து 2018இல் வெளியான லிஃப்ட்மோர் ஆய்வில், எலும்பு அடர்த்தி குறைந்த, சராசரி 65 வயதுப் பெண்கள் 101 பேர் பங்கேற்றார்கள். ஒரு பாதியினர் மேற்பார்வையின் கீழ் வாரம் இரு முறை, முறைக்கு அரை மணி நேரம், தங்களால் தூக்க முடிந்த உச்ச எடையில் 85 சதவீதத்துக்கு மேல் தூக்கினார்கள். எட்டு மாதத்தில் அவர்களின் இடுப்பு முதுகெலும்பு அடர்த்தி ஏறத்தாழ 3 சதவீதம் கூடியது. வீட்டிலேயே இலேசான பயிற்சி செய்தவர்களுக்கு 1 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. எலும்பு பலவீனமான பெண்களிடம் கனமான எடையைத் தூக்கச் சொல்லவே மருத்துவர்கள் தயங்கிய காலத்தில் வந்த முடிவு அது. மேற்பார்வையின் கீழ் என்ற சொற்களை மட்டும் யாரும் தவறவிட வேண்டாம்.

பதில் 5: சர்க்கரை அளவி

டெஸ்டோஸ்டிரோன், கார்ட்டிசால் என்று விவாதம் நீளும்போது, பயிற்சியால் மிகத் தெளிவாக மாறும் ஹார்மோனை, அதாவது இன்சுலினை, இதுவரை யாரும் பேசவில்லை. நீரிழிவுக்காகப் பயிற்சியைத் தொடங்கியவன் என்ற முறையில் இதைச் சேர்க்கிறேன்.

சுருங்கும் தசை இன்சுலினின் துணையின்றியே குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்கிறது. குளுட்-4 என்னும் கடத்திப் புரதம் அப்போது தசையணுவின் மேற்பரப்புக்கு நகர்ந்துவிடுகிறது. பயிற்சி முடிந்த பின்னும் ஒன்றிரண்டு நாள் தசை இன்சுலினுக்குக் கூடுதல் உணர்திறனோடு இருக்கிறது, பிறகு அது மங்கிவிடுகிறது. பயிற்சியில் இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விட வேண்டாம் என்று நீரிழிவுள்ளவர்களுக்கு அறிவுறுத்துவது இதனால்தான். இந்தப் பயன் ஓட்டத்திலும் கிடைக்கிறது, எடைப் பயிற்சியிலும் கிடைக்கிறது, உணவுக்குப் பின் நடக்கும் பத்துப் பதினைந்து நிமிட நடையிலும் ஓரளவு கிடைக்கிறது. அமெரிக்காவில் நீரிழிவின் விளிம்பில் இருந்த 3,234 பேரைக் கொண்டு நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 150 நிமிட உடலுழைப்போடு உணவுமுறையையும் மாற்றி, எடையில் 7 சதவீதம் குறைப்பதை இலக்காகக் கொண்டவர்களிடம் நீரிழிவு உருவாவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்னும் நீரிழிவு மாத்திரை பெற்றவர்களிடம் 31 சதவீதம்.

கேள்வி கேட்டவரின் வயிற்றுக் கொழுப்புக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. தோலுக்கு அடியில் கையால் பிடிக்க முடிகிற கொழுப்பு வேறு, குடலையும் கல்லீரலையும் சூழ்ந்திருக்கும் உள்ளுறுப்புக் கொழுப்பு வேறு. ஏரோபிக் பயிற்சி உள்ளுறுப்புக் கொழுப்பை, எடை மாறாதபோதும், குறைக்கிறது. அதற்குத் தசையே சுரக்கும் ஐ.எல்.-6 என்னும் பொருள் காரணமாக இருக்கலாம் என்று டென்மார்க் ஆய்வாளர்கள் கருதி, வயிற்றுக் கொழுப்பு மிகுந்தவர்களை 12 வாரம் சைக்கிள் ஓட்ட வைத்தார்கள். ஒரு பகுதியினருக்கு அந்தப் பொருளின் ஏற்பியை அடைக்கும் டோசிலிசுமாப் மருந்தைக் கொடுத்தார்கள். 2019இல் வெளியான முடிவின்படி, மருந்து பெறாதவர்களிடம் உள்ளுறுப்புக் கொழுப்பு குறைந்தது. மருந்து பெற்றவர்களிடம், அதே பயிற்சி செய்தும், குறையவில்லை. ஹார்மோன் சுரப்பிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நமக்கு, தசையும் ஒரு சுரப்பிதான் என்று அது காட்டுகிறது. ஆகவே, ஐயா, உங்கள் இடுப்புச் சுற்றளவு குறையாமல் இருப்பதை மட்டும் வைத்து, இத்தனை ஆண்டு ஓட்டம் வீணானது என்று எண்ண வேண்டாம்.

பதில் 6: காலை ஓட்டக்காரன்

அனைவருக்கும் நன்றி. ஓட்டத்தைக் கைவிடாமல் வாரத்தில் மூன்று நாளை எடைப் பயிற்சிக்கு ஒதுக்க முடிவு செய்துவிட்டேன். நெடுந்தூரப் பயிற்றுநர் எழுதியதைப் படித்த பின் ஓர் ஐயம் மட்டும் எஞ்சுகிறது. நான் இரவு ஐந்து மணி நேரமே தூங்குகிறேன். காலை ஓட்டத்துக்காகவே சீக்கிரம் எழுகிறேன். என் டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருக்குமோ என்று சோதித்துப் பார்க்கலாமா? நாளைக் காலை ஓட்டம் முடிந்து வரும் வழியிலேயே இரத்தம் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.

பதில் 7: உடலியங்கியல் ஆசிரியர்

ஓட்டம் முடிந்து வரும் வழியில் வேண்டாம். உழைப்புக்குப் பிந்தைய அளவு உங்கள் அடிப்படை அளவைக் காட்டாது. முந்தைய நாள் கடும் பயிற்சியைத் தவிர்த்து, காலை பத்து மணிக்குள், வெறும் வயிற்றில் கொடுங்கள். குறைவு என்று வந்தால் வேறொரு நாளில் மறுபடியும் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது. அறிகுறி எதுவும் இல்லையென்றால் இந்தச் சோதனையே தேவையில்லை என்பது என் எண்ணம்.

ஆனால் தூக்கத்தைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரிதான் இந்தப் பக்கம் முழுவதிலும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் இரவில் ஐந்து மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டபோது, பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்தது. 2011இல் அது வெளியானது. அதற்கு முந்தைய ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு உங்கள் நிலைக்கு இன்னும் நெருக்கமானது. கூடுதல் எடையுள்ள பத்துப் பேருக்கு ஒரே அளவில் குறைக்கப்பட்ட உணவைத் தந்து, இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும், வேறொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் இருக்கச் செய்தார்கள். இரண்டிலும் எடை ஏறத்தாழ ஒரே அளவு குறைந்தது. குறைவாகத் தூங்கியபோது அதில் கொழுப்பின் பங்கு 55 சதவீதம் குறைந்து, கொழுப்பற்ற திசுவின் இழப்பு 60 சதவீதம் கூடியிருந்தது. கொழுப்பு நிற்கிறது, தசை போகிறது: முதல் பதிவில் நீங்கள் விவரித்ததும் அதைத்தான். இரவில் ஒரு மணி நேரம் முன்னதாகப் படுக்க முடியாவிட்டால், வாரத்தில் இரண்டு நாள் ஓட்டத்தை மாலைக்கு மாற்றிவிட்டு அந்தக் காலைகளில் தூங்குங்கள். எடைப் பயிற்சிக்குப் பின்வரும் காலையாக அது இருந்தால் இன்னும் நல்லது.